உங்கள் டிபியை யார் பார்த்தார்கள் என்று எந்த ஆப்பும் சொல்லாது

போன வாரம் ஒருவர் மனைவியின் போனோடு கடைக்கு வந்தார். வாட்ஸ்அப்பில் ‘உங்கள் டிபியைப் (முகப்புப் படத்தைப்) பார்த்தவர்கள்’ என்று பட்டியல் போடும் ஆப் ஒன்றைத் திறந்து என் முன்னால் நீட்டினார். முதல் பெயர், பிள்ளையின் பள்ளி வேன் டிரைவர். “இவன் எதுக்குங்க தினமும் என் வீட்டுக்காரி போட்டோவைப் பார்க்கணும்?” அந்த டிரைவரிடம் ஏற்கெனவே தெருவில் வைத்துச் சத்தம் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். போன் சர்வீஸ் செய்கிறவன் இந்தப் பஞ்சாயத்தை எத்தனை தடவைதான் தீர்ப்பது? எழுதியே போட்டுவிடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் உங்கள் டிபியை யார் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழி கிடையாது. செட்டிங்ஸில் எங்கும் ஒளிந்திருக்கவில்லை, காசு கட்டினாலும் வராது. ஒருவர் உங்கள் படத்தைத் திறந்து பார்த்தால் அந்தத் தகவல் உங்கள் போனுக்கு வருவதே இல்லை. வராத தகவலை வேறொரு ஆப் எங்கிருந்து எடுக்கும்?

“அப்போ பேரெல்லாம் சரியா வருதே!” என்பார்கள். வராமல் என்ன செய்யும்? ஆப்பைப் போடும்போதே கான்டாக்ட்ஸைப் பார்க்க அனுமதி கேட்கிறது, நீங்களும் படிக்காமல் ‘அலோ’ அழுத்துகிறீர்கள். உங்கள் போனில் இருக்கும் பெயர்களையே கலைத்துப்போட்டு உங்களுக்கே காட்டுகிறது. நம்பாத ஒருவருக்காக, கடையில் சும்மா கிடந்த பழைய போனில் நாலைந்து நம்பர்களை மட்டும் சேமித்து அந்த ஆப்பைப் போட்டுக் காட்டினேன். கேஸ் புக்கிங் நம்பர் அன்று காலை என் டிபியைப் பார்த்ததாம். அழித்துவிட்டு மறுபடி போட்டால் மின்வாரியப் புகார் எண் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இதை நம்பித்தான் நிச்சயதார்த்தம் வரை போன சம்பந்தத்தில் சண்டை வருகிறது.

இந்த ஆப்களில் பல, விளம்பரத்தைக் காட்டிச் சம்பாதிப்பதோடு நின்றுவிடும். சில நிற்காது. நோட்டிஃபிகேஷனைப் படிக்க அனுமதி கொடுத்தால் திரையில் வந்து விழும் ஓடிபியையும் படிக்கும். ஆக்சசிபிலிட்டி (திரையில் இருப்பதைப் படித்து, உங்களுக்குப் பதிலாகத் தொட்டு இயக்க விடுவது) அனுமதி கேட்டால் அந்த நிமிடமே வெளியே வந்துவிடுங்கள். அது போனையே தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். லிங்க்கில் வந்த ஏபிகே (நேரடியாகப் போடும் ஆப் ஃபைல்) என்றால் தொடவே வேண்டாம். சரி, போட்டாயிற்று, இப்போது அன்இன்ஸ்டால் ஆக மறுக்கிறது என்றால் செட்டிங்ஸில் ‘டிவைஸ் அட்மின்’ பகுதிக்குப் போய் அதன் டிக்கை எடுத்துவிட்டு அழியுங்கள். ஏற்கெனவே அது அள்ளிக்கொண்டு போன நம்பர்களை என்னாலும் திருப்பி வாங்கித் தர முடியாது.

ஸ்டேட்டஸ் விஷயம் வேறு. அதில் பார்த்தவர்களின் பட்டியல் நிஜமாகவே உண்டு. ஆனால் அதையும் கோர்ட்டு சாட்சி மாதிரி நம்பாதீர்கள். ப்ளூ டிக்கை அணைத்து வைத்திருப்பவர் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்தால் பட்டியலில் அவர் பெயர் வராது. நீங்கள் அணைத்திருந்தால் யார் பெயருமே உங்களுக்குத் தெரியாது. (“பட்டியல் காணோம், போன் ரிப்பேர்” என்று வருகிறவர்களில் பாதிப்பேர் கதை இதுதான்.) ஜிபி வாட்ஸ்அப் போன்ற போலிகளை வைத்திருப்பவர்கள் ஒளிந்தும் பார்ப்பார்கள், படத்தைச் சேமித்தும் வைப்பார்கள். பெயர் இருந்தாலும் பெரிய அர்த்தமில்லை. ஒருவர் ஸ்டேட்டஸ் முடிந்ததும் அடுத்தவருடையது தானாக ஓடும். அவர் டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது உங்களுடையது ஓடி முடிந்திருக்கலாம்.

யார் பார்த்தார்கள் என்று தேடும் நேரத்தில், யார் பார்க்கலாம் என்பதை ஒரு தடவை சரிபாருங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். ஸ்டேட்டஸ் ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று இருந்தால், நீங்களும் அவரும் ஒருவர் நம்பரை ஒருவர் சேமித்திருந்தாலே போதும். தண்ணி கேன் போடுபவர், வீட்டு புரோக்கர், எப்போதோ வந்த பிளம்பர் எல்லாருக்கும் உங்கள் வீட்டுக் கல்யாணப் படமும், ‘குடும்பத்தோடு ஊட்டியில்’ என்ற அறிவிப்பும் போகும். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. ‘ஒன்லி ஷேர் வித்’ என்பதில் வேண்டியவர்களை மட்டும் சேருங்கள். இந்த மாற்றம் இனிமேல் போடுவதற்குத்தான். ஏற்கெனவே போட்டதை நீங்கள்தான் அழிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்ற தைரியமும் வேண்டாம். ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்குத் தகவல் வராது.

டிபி ‘எவ்ரிஒன்’ என்று இருந்தால் உங்கள் நம்பர் தெரிந்த யாரும் பார்க்கலாம். ‘மை கான்டாக்ட்ஸ்’ ஆக்குங்கள். பள்ளிப் பெயர் தெரியும் சீருடையில் குழந்தையை டிபியாக வைக்காதீர்கள், தயவுசெய்து.

இத்தனைக்கும் மேலே, நான் உண்மையிலேயே பயப்படுவது ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற பகுதியைப் பார்த்துத்தான். அதை யாரும் திறப்பதே இல்லை. உங்கள் போன் வேறொருவர் கையில் கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும், வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப்பை ஏற்றிவிடலாம். அதன்பின் உங்கள் போன் அணைந்திருந்தாலும் அங்கே உங்கள் மெசேஜ்கள் போய்க்கொண்டிருக்கும். நான்கு கருவிகள் வரை இப்படி இணைக்கலாம். தெரியாத பெயர் இருந்தால் தொட்டு லாக்அவுட் கொடுங்கள். அப்படியே போனைத் திறக்கும் பின் நம்பரையும் மாற்றிவிடுங்கள்.

“மனைவி வாட்ஸ்அப் என் போனில் வர மாதிரி செட் பண்ணிக் கொடுங்க” என்று கேட்டு வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் செய்து தர மாட்டேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 78-வது பிரிவு, ஒரு பெண்ணின் இணையத் தொடர்புகளைக் கண்காணிப்பதையும் குற்றமாகத்தான் சொல்கிறது. முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. யாராவது உங்களை அப்படிக் கண்காணிக்கிறார்கள் என்றால் அந்த லிங்க்டு டிவைசஸ் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்ட பிறகு லாக்அவுட் செய்யுங்கள். cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் யோசிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள், கடைக்கு அப்புறம் வரலாம்.