ஹெச்.பி. கூட்டினால் கிணற்றுத் தண்ணீர் மேலே வராது

சித்திரை பிறந்தால் போதும், காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஒரே மாதிரி போன்தான். "மோட்டார் ஓடுது தம்பி, தண்ணி வரல." போய்ப் பார்த்தால் மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது. மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த மோனோபிளாக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கும், தண்ணீர் 35 அடிக்குக் கீழே கிடக்கும். போன வாரம் ஒரு ஆச்சி வீட்டுப் பின்கட்டில் ஒரு ஹெச்.பி.யைக் கழற்றிவிட்டு மூன்று ஹெச்.பி. மாட்டியிருந்தார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணம். அதுவும் சும்மாதான் சுற்றிக்கொண்டிருந்தது.

மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. வாய் வலிக்கச் சொல்லியாயிற்று, இன்னொரு தடவையும் சொல்கிறேன். பம்பு செய்வதெல்லாம் கிணற்றுக்குள் இறங்கும் சக்ஷன் குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான். கிணற்றுத் தண்ணீரின் மேல் வெளிக்காற்று அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது நடப்பதும் இதேதான். அந்தக் காற்றுக்கு உள்ள பலம் ஒரே அளவு. மேலே இருப்பது 1 ஹெச்.பி.யா 10 ஹெச்.பி.யா என்று அதற்குத் தெரியாது. குழாய்க்குள் துளிக் காற்றுகூட இல்லாமல் எடுத்துவிட்டாலும் தண்ணீர் 10.33 மீட்டர், அதாவது 34 அடிவரைதான் ஏறும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பம்பு வேலை செய்தவர்கள் இதே 34 அடியில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அதை யோசித்த இத்தாலிய விஞ்ஞானி டோரிசெல்லி, தண்ணீருக்குப் பதில் 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்துக்கொண்டார். அது 760 மில்லிமீட்டரில் நின்றது. 760ஐ 13.6ஆல் பெருக்கிப் பாருங்கள், 10,336 மில்லிமீட்டர் வரும். நம் 34 அடி! வானிலை அறிக்கையில் வரும் 1013 ஹெக்டோபாஸ்கல், டயர் கடைக்காரர் கணக்கில் 14.7 பி.எஸ்.ஐ., எங்கள் கேஜ் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 1.03 கிலோ, எல்லாம் அதே காற்றின் அதே அழுத்தம்தான்.

சக்ஷன் பக்கம், குழாய்க்குள் அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்று பாதரசக் கணக்கில் காட்டும் வாக்குவம் கேஜ் மாட்டினால் சண்டையே வேண்டாம். முள் 500 மில்லிமீட்டர் காட்டினால் தண்ணீர்க் கணக்கில் 6.8 மீட்டர், 22 அடி. இஞ்ச் கேஜ் என்றால் ஒரு இஞ்ச் பாதரசத்துக்குத் தண்ணீரில் 1.13 அடி. 760ஐ எந்தப் பம்பும் தாண்டாது. தாண்டும் என்று ஒரு விற்பனையாளர் என்னிடமே சொன்னார், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

"பிளேட்டில் ஹெட் 30 மீட்டர்னு போட்டிருக்கே?" என்று அடுத்த கேள்வி வரும். அண்ணே, ஹெட் என்றால் தண்ணீர் ஏறும் உயரம்; அது கீழேயிருந்து வரும் சக்ஷனும் மேலே தள்ளும் டெலிவரியும் சேர்ந்த கணக்கு. 10 மீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ, அதாவது 14.2 பி.எஸ்.ஐ.; ஆக 30 மீட்டருக்கு 3 கிலோ. பம்புக்குள் வந்து சேர்ந்த தண்ணீரை மாடித் தொட்டிக்குத் தள்ள அது போதும். கீழேயிருந்து வந்து சேர்வதற்கு அந்த 30 உதவாது.

அந்த 34 அடியும் காகிதத்தில்தான். குழாய் அடியில் மாட்டும் ஃபுட் வால்வு, வளைவில் மாட்டும் பெண்டு, குழாய் உராய்வு எல்லாம் போக நடைமுறையில் 22 முதல் 25 அடி கிடைத்தால் நல்லது. அதற்கு மேல் ஆசைப்பட்டால் பம்புக்குள் தண்ணீரே ஆவியாகும், சரளை உருளும் சத்தம் கேட்கும், உள்ளே சுழலும் இம்பெல்லர் அரித்துப்போகும்.

சிலர் இதெல்லாம் புரிந்த பிறகு வேறொரு காரியம் செய்கிறார்கள், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. பம்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோக, மோட்டாருக்குப் பதிலாக டீசல் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கி வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எஞ்சினை நிறுத்த இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். மயங்கியவரைக் கண்டால் நீங்கள் இறங்காதீர்கள், தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள். கரண்ட் மோட்டாரை ஈரத் திட்டில் இறக்கி வைப்பதும் புத்திசாலித்தனம் இல்லை.

மோட்டார் வாங்கக் கிளம்புமுன் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி விடுங்கள். பம்பு உட்காரும் இடத்திலிருந்து தண்ணீர் மட்டம்வரை அளக்க வேண்டும். அதுவும் கோடையில், ஐப்பசி மழையில் கிணறு நிறைந்திருக்கும்போது அளந்து என்ன பிரயோசனம்? 22 அடிக்குள் என்றால் மோனோபிளாக் போதும். அதற்குக் கீழே என்றால் ஜெட் பம்பு, இல்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் சப்மெர்சிபிள். அவை கீழேயிருந்தே தள்ளிவிடும், காற்றை நம்பி நிற்க வேண்டாம். அப்புறம், போனில் "25" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள். அடியா மீட்டரா என்று சேர்த்துச் சொல்லுங்கள். 25 மீட்டர் என்றால் 82 அடி, நான் கொண்டுவர வேண்டிய பம்பே வேறு.