மேலே மிதக்கும் வளையம் கீழே தெரிவது ஏன்?

முட்டத்திலிருந்து ஒரு வாசகர் போன வாரம் போனில் கேட்டார். "சார், டாக்டர் என் கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, மேல்பக்கமா ஒரு வளையம் மிதக்குதுன்னு சொன்னாரு. எனக்கு அது கீழதான் தெரியுது. ரெண்டு பேர்ல யாரு சொல்றது சரி?"

அவருக்கு வயது 56. வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். விடியக்காலம் வலை இழுக்கும்போது, வெளுத்து வரும் வானத்தில் ஒரு சின்ன வளையமும் இரண்டு மூன்று நூலும் ஆடுவதைப் பார்த்திருக்கிறார். தலைமுடி விழுந்திருக்கும் என்று முகத்தைக் கழுவினார். போகவில்லை. கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே வந்தது. நிறுத்தினால் கொஞ்சம் பிந்தி வந்து நின்றது. கரைக்கு வந்ததும் மகள் விடாமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டாள். அந்த மகளுக்கு முதலில் ஒரு வணக்கம்.

டாக்டர் சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி. எப்படி என்று பார்க்கக் கண்ணுக்குள் போக வேண்டும்.

கருவிழி, பாவை, வில்லை, விழித்திரை எல்லாம் பள்ளியில் படித்ததுதான். வில்லைக்கும் விழித்திரைக்கும் நடுவே இருக்கும் பெரிய அறையைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் கடந்துவிடும். கண்ணின் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கு அந்த அறைதான். அதில் சுமார் 4 மில்லி லிட்டர் தெளிந்த கூழ் இருக்கிறது. விட்ரியஸ் என்பது அதன் பெயர்.

அது எப்படி இருக்கும் என்று தெரிய நமக்கு ஆய்வகம் வேண்டாம், நுங்கு போதும். பனங்காயைச் சீவினால் வரும் குழிகளை 'கண்' என்றுதானே சொல்கிறோம்! இளநுங்கின் கண்ணில் கட்டைவிரலை விட்டுப் பாருங்கள். வழுவழுப்பான கூழ், அதன் நடுவே கொஞ்சம் நீர். அழுத்தினால் சட்டையில் தெறிக்கும். விட்ரியஸும் ஏறக்குறைய அப்படித்தான். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதிச் சொச்சத்தில் இரண்டு பொருள்கள் முக்கியம். ஒன்று கொலாஜன் இழைகள். ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு மெல்லியவை. மற்றது ஹயலுரானிக் அமிலம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நீண்ட மூலக்கூறு. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி நடுவில் நின்று விலக்கி வைப்பது அதுதான். தனித்தனியாக நிற்கும்வரை அந்த இழைகள் ஒளியைத் தடுக்காது. கூழ் கண்ணாடிபோல் இருக்கும்.

நுங்கு முற்ற முற்ற நீர் கூழாகும், கூழ் கெட்டிப்படும். கண்ணில் இது தலைகீழாக நடக்கிறது. வயது ஏற ஏறக் கூழ் அங்கங்கே நீராகிறது. விலக்கி வைக்க ஆளில்லாத இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்து, நூலாகவும் முடிச்சாகவும் ஆகின்றன. அவை அந்த நீரில் மிதக்கின்றன. 'கண்ணில் பூச்சி பறக்கிறது' என்று நாம் சொல்வது இவற்றைத்தான். (பசி மயக்கத்தில் பறக்கும் பூச்சி வேறு. அது ரத்த ஓட்டம் குறைவதால் வருவது.) பழைய மருத்துவ லத்தீனிலும் இதற்குப் 'பறக்கும் ஈக்கள்' என்றே பெயர்.

ஆனால் நாம் பார்ப்பது அந்த நூலை இல்லை, விழித்திரையில் விழும் அதன் நிழலை. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

நல்ல வெயிலில் ஒரு தென்னை மூட்டில் நின்று தரையைப் பாருங்கள். உயரத்தில் இருக்கும் ஓலையின் நிழல் விளிம்பு கலைந்து கிடக்கும். பக்கத்திலேயே ஒரு புல்லின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு வட்டாக இருப்பதால், பொருள் தரையிலிருந்து விலக விலக நிழல் கரைகிறது. கண்ணிலும் இதே கணக்குதான். அங்கே சூரியனின் இடத்தில் இருப்பது பாவை; வெளிச்சம் உள்ளே வரும் ஒரே வாசல். வெயிலில் அது சுமார் 2 மி.மீ. அகலத்துக்குச் சுருங்கும். பாவையிலிருந்து விழித்திரைக்குச் சுமார் 20 மி.மீ. அப்படியென்றால் விழித்திரைக்கு 1 மி.மீ. முன்னால் மிதக்கும் நூலின் நிழல் 0.1 மி.மீ. அளவுக்குத்தான் கலங்கும். 10 மி.மீ. தள்ளி மிதந்தால் கலங்கல் 2 மி.மீ. ஆகும். மெல்லிய நூலின் நிழல் அதில் கரைந்தே போகும். அதாவது, நமக்குப் பளிச்சென்று தெரியும் பூச்சிகள் எல்லாம் விழித்திரைக்கு மிக அருகில் இருப்பவை.

இருட்டில் ஏன் தெரியவில்லை? பாவை விரிந்துவிடுகிறது, நிழல் கரைகிறது. கடலில் ஏன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது? பாவை சுருங்கியிருக்கிறது, பார்க்கும் இடமோ மரமும் வீடும் இல்லாத ஒரே நிற வானம்.

இப்போது முட்டத்துக்காரரின் கேள்விக்கு வருவோம். வெளியே மேலே இருக்கும் பொருளின் பிம்பம் விழித்திரையின் கீழ்ப்பக்கத்தில் விழுகிறது. வில்லை தலைகீழாக்கிவிடும் என்பது தெரிந்ததுதான். அதனால் விழித்திரையின் கீழே விழுவதை 'மேலே' என்றும், மேலே விழுவதைக் 'கீழே' என்றும் எடுத்துக்கொள்ள மூளை பழகியிருக்கிறது. ஆனால் கண்ணுக்குள் மிதக்கும் வளையத்தின் நிழலை எந்த வில்லையும் புரட்டுவதில்லை. வளையம் மேலே இருந்தால் நிழலும் மேலேயே விழும். மூளை தன் வழக்கப்படி அதைக் கீழே இருப்பதாகச் சொல்கிறது. டாக்டர் பார்த்தது வளையம், இவர் பார்த்தது நிழல்.

நம்ப முடியாவிட்டால் இதைச் செய்து பாருங்கள். கெட்டி அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். கண்ணுக்கு நாலு விரல் தூரத்தில் அட்டையைப் பிடித்து வானத்தைப் பாருங்கள் (சூரியனை வேண்டாம்). மங்கலான ஒளிவட்டம் தெரியும். ஒரு ஈர்க்குத் துண்டைக் கிடைமட்டமாகப் பிடித்து, இமை அருகே கீழிருந்து மெல்ல உயர்த்துங்கள். ஒளிவட்டத்துக்குள் அது மேலிருந்து கீழே இறங்கி வரும். முதல்முறை பார்த்தபோது நான் கையைக் கீழே இறக்கி இறக்கி நாலைந்து தடவை சோதித்தேன்.

அதே அட்டையைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்து லேசாக ஆட்டினால் கிளை கிளையாக ஒரு மரம் தெரியும். அது உங்கள் விழித்திரையின் ரத்த நாளங்களுடைய நிழல். எப்போதும் அங்கேயே விழுந்து கிடக்கிறது. அசையாததால் மூளை கணக்கில் எடுப்பதில்லை. பூச்சிகளோ அசைந்துகொண்டே இருக்கின்றன, அதனால் மாட்டிக்கொள்கின்றன.

சரி, வளையம் எங்கிருந்து வந்தது? விட்ரியஸ், பார்வை நரம்பு நுழையும் வாயைச் சுற்றி அழுத்தமாக ஒட்டியிருக்கும். பெரும்பாலும் 50 முதல் 70 வயதுக்குள் கூழ் சுருங்கி பின்பக்கத்தில் விழித்திரையிலிருந்து கழன்றுவிடும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கும், கண்புரை அறுவை செய்தவர்களுக்கும் முன்கூட்டியே நடக்கலாம். அப்படிக் கழலும்போது நரம்பு வாயில் ஒட்டியிருந்த வட்டம் அப்படியே பிய்ந்து மிதக்கும். அதற்கு வைஸ் வளையம் என்று பெயர். பெரும்பாலோருக்கு இதோடு கதை முடிந்துவிடும்.

சிலருக்கு முடியாது. கழலும் கூழ் விழித்திரையைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. இழுத்தாலும் வெளிச்சம் என்றே சொல்லத் தெரியும். ஓரக்கண்ணில் மின்னல் வெட்டுவது அதனால்தான். இழுப்பில் விழித்திரை கிழிந்தால், சுவரில் ஒட்டிய போஸ்டருக்குப் பின்னால் மழைத்தண்ணி இறங்குவதுபோல நீர் உள்ளே போய் அதைப் பெயர்த்துவிடும். கிழிசலாக இருக்கும்போதே பிடித்தால் லேசரால் சுற்றிலும் தழும்பு உண்டாக்கி ஒட்ட வைக்கலாம். பெயர்ந்துவிட்டால் அறுவைதான்.

எங்கள் அத்தைக்கு நடந்ததைச் சொல்லாமல் இதைக் கடக்க என்னால் முடியவில்லை. நூல்கள் நெளிவதாக அவர் சொன்னதும், யாரோ நாகதோஷம் என்று சொல்லிவிட்டார்கள். சர்ப்பக்காவில் பால் ஊற்றினார். ராத்திரி கண்ணில் நந்தியாவட்டைப் பூ வைத்துக்கொண்டார். மூன்றாவது வாரம், ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை இறங்குகிறது என்றார். அறுவை நடந்தது. ஆனால் அந்தக் கண்ணில் எழுத்து வாசிக்கும் பார்வை திரும்பவில்லை. கும்பிடுவதில் எனக்கு வருத்தமில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டுக் கும்பிட்டிருக்கலாம். பூவின் சாறோ, தேனோ, தாய்ப்பாலோ, கண்ணுக்கு மேலே விடும் எதுவும் அந்தக் கூழில் ஒட்டிய இழையைப் பிரிக்காது.

இந்தக் கூழை ஆராய்ச்சியாளர்களும் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1934இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் விட்ரியஸைப் பிரித்துப் பார்த்துத்தான் ஹயலுரானிக் அமிலத்தைக் கண்டுபிடித்தார்கள். 'இதனால் என்ன லாபம்' என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் அவர்களால் பதில் சொல்லியிருக்க முடியாது. இன்று கண்புரை அறுவையில் கண்ணுக்குள் விடும் பசையிலும், உலர்ந்த கண்ணுக்கான சொட்டு மருந்திலும் அது இருக்கிறது. அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது உடனடிப் பலன் கேட்பவர்களிடம் இந்த மாட்டுக் கண்ணை நான் மறக்காமல் சொல்வேன்.

முட்டத்துக்காரருக்குக் கிழிசல் எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். சில கிழிசல்கள் தாமதமாக வரும் என்பதால் அந்த இரண்டாவது தடவை அவசியம். வளையம் மறையாது. மெல்லக் கீழே தாழும், மூளையும் பழகிக்கொள்ளும். நாள்பட்ட பழைய பூச்சிகளுக்குப் பயம் வேண்டாம். ஆனால் திடீரென்று புதிதாகப் பல பூச்சிகள், கரிப்பொடி தூவியதுபோல் புள்ளிகள், மின்னல், ஓரத்தில் திரை: இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். பாவையை விரிக்கும் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், பைக் ஓட்ட முடியாது, துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் மூடி மறைத்துவிடும். அதனால் காலையில் வள்ளம் தள்ளும் முன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வானத்தை ஒரு தடவை பாருங்கள், அப்புறம் மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு தடவை.