புது வீல் மாட்டியதும் அந்த மஞ்சள் விளக்கு ஏன் எரிகிறது?

புது அலாய் வீல் மாட்டிக்கொண்டு டயர் கடையை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் ஓட்டியதுமே டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு டேஷ்போர்டில் கண் சிமிட்டத் தொடங்கும். குதிரை லாடம் மாதிரி ஒரு வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. இறங்கி அளந்து பார்த்தால் நாலு டயரிலும் காற்று சரியாகத்தான் இருக்கும். விளக்கு எரியும் விதத்தைக் கவனித்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்: வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடத்துக்கு மேல் சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் 'சென்சாரைக் காணோம்' என்று அர்த்தம், சிமிட்டாமல் நேராக எரிந்தால்தான் காற்று குறைவு. காற்றழுத்தத்தை அளந்து காருக்குச் சொல்ல, பழைய ரிம்முக்குள் இருந்த நாலு சென்சார்களும் ரிம்மோடு சேர்ந்தே போய்விட்டன, கார் இன்னும் அவற்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

எல்லாக் காரிலும் இந்தத் தொல்லை கிடையாது. சில கார்களில் வீலுக்குள் எந்தச் சென்சாரும் இருக்காது, ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் வேக சென்சாரை வைத்தே சமாளித்துவிடுவார்கள். காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் லேசாகக் குறையும், அதனால் அது மற்ற மூன்றையும் விட ஒரு துளி வேகமாகச் சுற்றும், அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதுதான் உத்தி. இந்த வகை என்றால் புது வீலைப் போட்டு, காற்றைச் சரியாக நிரப்பி, மெனுவில் ரீசெட் கொடுத்தால் வேலை முடிந்தது. டேஷ்போர்டு ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக பி.எஸ்.ஐ. எண்ணை, அதாவது காற்றழுத்த அளவைக் காட்டினால் உங்கள் காரில் பெரும்பாலும் உள்ளே நிஜமான சென்சார் இருக்கிறது, மேற்கொண்டு படியுங்கள்.

அந்தச் சென்சார் வால்வோடு சேர்ந்து ரிம்மின் உட்புறம் உட்கார்ந்திருக்கும். உள்ளே அழுத்தத்தை அளக்கும் ஒரு சிலிக்கான் சில்லு, வெப்பநிலை அளவி, வீல் சுற்றுகிறதா என்று உணரும் முடுக்கமானி, ஒரு சின்ன ரேடியோ, ஒரு லித்தியம் பேட்டரி. இத்தனையும் ரெசின் ஊற்றி அடைக்கப்பட்டிருப்பதால் பேட்டரியை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை, 5 முதல் 10 வருடத்தில் தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டியதுதான். அந்த பேட்டரியை இழுத்துப் பிடித்துச் செலவழிக்கத்தான் முடுக்கமானி. வண்டி நிற்கும்போது சென்சார் தூங்கும், வீல் சுற்றத் தொடங்கியதும் விழித்து, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தையும் வெப்பநிலையையும் தன் அடையாள எண்ணையும் ஒலிபரப்பும்.

அந்த அடையாள எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாலையில் பக்கத்தில் ஓடும் கார்களின் சென்சார்களும் அதே அலைவரிசையில் கத்திக்கொண்டிருக்கும். அதனால் உங்கள் கார் தன் நினைவில் இருக்கும் நாலு எண்களிலிருந்து வரும் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். அதற்கு ரிம்மின் டிசைனும் தெரியாது, டயரின் பிராண்டும் தெரியாது, அந்த நாலு எண்கள்தான் தெரியும்.

ஆக வழி மூன்று. பழைய சென்சார்களையே கழற்றிப் புது ரிம்மில் மாட்டலாம், எண் மாறாததால் பெரும்பாலும் காருக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஆறேழு வருடம் ஓடிய சென்சாரை இப்படி மாற்றுவது வீண் சிக்கனம், பேட்டரி போனால் மறுபடி டயரைக் கழற்றிக் கூலி கொடுக்க வேண்டும். இரண்டாவது, எண் எதுவும் பதியாத வெற்றுச் சென்சார் வாங்கி, கடைக்காரரின் கருவியால் பழைய எண்களையே அதில் எழுதுவது. இரண்டு செட் வீலை மாற்றி மாற்றிப் போடுபவர்களுக்கு இதுதான் வசதி. மூன்றாவது, புது எண்ணோடு மாட்டிவிட்டு அதைக் காருக்குக் கற்றுக்கொடுப்பது. சில கார்கள் கொஞ்ச நேரம் ஓட்டினால் தானாகவே கற்றுக்கொள்ளும், சிலவற்றில் ஒவ்வொரு வால்வு பக்கத்திலும் கருவியை வைத்துச் சென்சாரை எழுப்ப வேண்டும், சிலவற்றில் காரின் கணினியோடு கருவியை இணைக்கும் ஓ.பி.டி. போர்ட் வழியாகத்தான் எண்ணை ஏற்ற முடியும். எந்த வழியாக இருந்தாலும் வாங்கும் முன் அலைவரிசையைப் பாருங்கள். வட அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433.92. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், தப்பானதை மாட்டினால் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் காருக்குக் கேட்காது.

மாட்டும் இடத்தில் அவசரப்பட்டால் காசு போகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சாதாரணக் கார் டயர் நொடிக்குச் சுமார் 14 சுற்று சுற்றுகிறது. மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கும் சென்சார்மீது அப்போது புவியீர்ப்பைப் போல 150 மடங்கு விசை விழும், 30 கிராம் பொருள் நாலரை கிலோவாகக் கனக்கும். அதனால்தான் வால்வ் நட்டைக் கைப்பழக்கத்தில் முறுக்காமல், சென்சார் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். ரப்பர் வாஷரும் நட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது நல்லது. அலுமினிய வால்வுக்குள் நிக்கல் பூசிய கோர்தான் (காற்று வெளியேறாமல் அடைக்கும் உள்ஊசி) போக வேண்டும். சாதாரணப் பித்தளைக் கோரைப் போட்டால் ஈரத்தில் இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒருநாள் திறக்கப் போனால் வால்வே ஒடிந்து கையோடு வரும். இன்னொன்று, வெளியில் வாங்கும் ரிம்மின் உள்வளைவு கம்பெனி ரிம் போல இருக்கும் என்று நம்பக் கூடாது. டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மில் சென்சாரை வைத்துப் பார்த்தால் அது எங்காவது இடிக்கிறதா, ஓட்டையில் சாய்ந்து நிற்கிறதா என்று தெரிந்துவிடும். டயர் மெஷினின் நகம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள், சென்சார்கள் அதிகம் உடைவது அங்கேதான்.

நாலு சென்சாரையும் ஒரு பி.வி.சி. குழாய்க்குள் போட்டு, காற்றடித்து, டிக்கியில் வைத்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும் என்று ஒரு குறுக்குவழி சுற்றுகிறது. வீல் சுற்றாதபோதும் சென்சார் ஒலிபரப்பும் சில கார்களில் அணையத்தான் செய்யும். டயர் தரையோடு தரையாகப் படுத்தாலும் அணைந்தேதான் இருக்கும்!

சென்சார் வேலை செய்தாலும் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. அமெரிக்க விதிப்படி பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும், அதாவது 32 பி.எஸ்.ஐ. டயர் 24-க்கு இறங்கும் வரை கார் மௌனமாக இருக்கலாம். அந்த 32 என்பதும் கதவோர ஸ்டிக்கரில் உள்ள பழைய டயருக்கான கணக்கு. வீல் அளவை மாற்றும்போது எக்ஸ்.எல். வகை டயர் (கூடுதல் சுமைக்கென வலுவாகச் செய்தது) போட்டால், அதே எடையைத் தாங்கச் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகத் தேவைப்படலாம், ஆனால் காரின் எச்சரிக்கை எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். சில கார்களில் அந்த எல்லையை ஸ்கேன் கருவியால் மாற்றலாம். முடியாத காரில், டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைப் பார்த்துச் சரியான அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்து அளப்பதுதான் வழி. சூடான டயரில் அளக்காதீர்கள், 10 டிகிரி செல்சியஸ் ஏறினாலே 32 பி.எஸ்.ஐ. டயரில் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடிவிடும்.