இன்சார்ஜ்: கூடுதல் பொறுப்பு

நீலகிரியில் அரசு ஆபீசுக்கு அலைகிறவர்களுக்குப் பழகிப்போன பதில் ஒன்று உண்டு: "சார் இன்சார்ஜ்தாங்க, இன்னைக்கு கூடலூர்ல இருப்பாரு." அதாவது இந்த நாற்காலிக்கு ஆள் போடவில்லை, வேறொரு ஆபீஸ்காரர் இதையும் சேர்த்துப் பார்க்கிறார். கடிதத்தின் அடியில் பதவிப் பெயரை ஒட்டி '(பொ)' என்று இருக்கும் பாருங்கள், அது பொறுப்பு என்பதன் சுருக்கம். சிலர் '(மு.கூ.பொ)' என்று போடுவார்கள், முழுக் கூடுதல் பொறுப்பு, ஊழியர்கள் எஃப்.ஏ.சி. (Full Additional Charge) என்பது இதைத்தான்.

சார்ஜ் என்ற சொல்லின் வேர் லத்தீனில் வண்டியைக் குறிக்கும் 'காருஸ்'. வண்டியில் பாரம் ஏற்றுவது என்ற பொருளோடு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு ஒப்படைத்த வேலை, கட்டணம், குற்றச்சாட்டு என்று கிளை விட்டது. போனுக்கு சார்ஜ் போடுவதை மின்னேற்றம் என்கிறோமே, அதிலும் அந்த ஏற்றுதல் இருக்கிறது.

தமிழில் பொறுப்புக்கு வேர் 'பொறு', தாங்கு என்று பொருள். பொறை என்றால் பொறுமை மட்டுமல்ல, சுமையும்தான். "பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி" என்று 733ஆம் குறளில் வருவது சுமை என்ற பொருளில்தான். ஆக மொழிபெயர்ப்பு கச்சிதம். ஆனால் வெறும் 'பொறுப்பு அலுவலர்' என்றால் ஒரு வேலைக்கென்றே நியமிக்கப்பட்டவரையும் குறிக்கும், பணியிடம் காலியாகக் கிடப்பது அதில் தெரியாது. அதனால் கூடுதல் பொறுப்பு என்று முழுசாக எழுதுவதே சரி.

அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளில் (Fundamental Rules) 49ஆவது விதி, ஒருவரே இரண்டு பதவி பார்ப்பதைப் பற்றியது. இடைக்கால ஏற்பாடாக இருக்க வேண்டியது இப்போது வழக்கமாகிவிட்டது. 2018இல் பணியாளர் சீரமைப்புக்கு ஆதிசேஷய்யா குழு வந்தபோது, பணியிடங்களைக் குறைக்கத்தான் இது என்று அரசு ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. 2020 மே மாதம் தமிழ்நாடு அரசு போட்ட கொரோனா சிக்கன ஆணையில் அலுவலகச் செலவில் 20 விழுக்காடு வெட்டு, புதிய பணியிடங்களுக்கும் தடை வந்தது. காலி இடத்தின் சம்பளம் கணக்கில் மிச்சம் என்று காட்டும், சரி, ஆனால் அந்த வேலை எங்கேயும் போய்விடவில்லையே. ஊட்டிக்கும் கூடலூருக்கும் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. இரண்டு ஆபீஸ் சாவி, இரண்டு ரொக்கப் பதிவேடு, இரண்டு முத்திரை, எல்லாம் ஒரே ஆளின் பையில். வழியில் நடுவட்டம் பக்கம் மண் சரிந்தால் அன்றைக்கு ஒரு ஆபீசில் கையெழுத்தே இல்லை. மஞ்சூரிலிருந்து வாரிசுச் சான்றுக்காகப் பஸ் ஏறி வந்த அம்மா, நகல்கள் வைத்த மஞ்சப்பையோடு "எப்ப வருவாருங்க?" என்று கேட்கிறார், மேஜையில் இருக்கிற இளநிலை உதவியாளருக்கும் அது தெரியாது.

மனு எழுதும்போது 'அலுவலர் இருப்பதில்லை' என்று எழுதாதீர்கள். 'பணியிடம் காலியாக உள்ளது, கூடுதல் பொறுப்பில் இயங்குகிறது, நிரந்தர நியமனம் வேண்டும்' என்று எழுதுங்கள். முதலில் சொன்ன மாதிரி எழுதினால் அது அந்த ஊழியர் மேல் புகாராகத்தான் போகும், அவரோ அந்த நேரத்தில் இன்னொரு ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.