அண்டர்ஸ்டியர்: குறைதிரும்பல்

ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினோமோ அந்த அளவுக்குக் கார் திரும்பாமல், வளைவின் வெளிப்பக்கமாக அகன்று போவதுதான் அண்டர்ஸ்டியர். ரேசிங் கேம் விளையாடுபவர்கள் அதிகம் புழங்கும் சொல் இது. அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படும் சொல்லும் இதுதான். வளைவுக்குள் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்து நான்கு டயரும் ஒன்றாக வழுக்கினாலும் 'அண்டர்ஸ்டியர் ஆகுது' என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு, இது வேறு.

பொறியியலில் இந்தச் சொல் முன் டயர்களையும் பின் டயர்களையும் ஒப்பிடுகிறது. டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையில் உள்ள கோணத்துக்கு ஸ்லிப் ஆங்கிள் என்று பெயர். முன் டயர்களின் ஸ்லிப் ஆங்கிள் பின் டயர்களுடையதைவிட அதிகமாக இருந்தால் அண்டர்ஸ்டியர். பின்னால் அதிகமாக இருந்தால் ஓவர்ஸ்டியர். கேமிலேயே சோதிக்கலாம். திறந்த வெளியில் ஒரே ஆரமுள்ள வட்டத்தில் ஓட்டியபடி வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். அதே வட்டத்தில் நிற்க ஸ்டியரிங்கை மேலும் மேலும் திருப்ப வேண்டியிருந்தால் கார் அண்டர்ஸ்டியர் இயல்புடையது. ஐஎஸ்ஓ 4138 தரத்தில் உள்ள வட்டச் சோதனையும் இந்த அடிப்படையில் அமைந்ததுதான்.

சொல்லின் பிறப்பிடம் ஆங்கிலம். 'ஸ்டியர்' என்ற பகுதி, கலத்தைச் செலுத்துவதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. கப்பலின் வலப்பக்கத்தை ஸ்டார்போர்டு என்பார்களே, அதற்குள் இருப்பதும் இதே வேர்தான். சுக்கான் துடுப்பு அந்தப் பக்கம் இருந்ததால் வந்த பெயர் அது. கார்களுக்கு அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் என்ற இணை 1930களில் வந்தது. ரோல்ஸ் ராய்ஸில் இருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன பொறியாளர் மாரிஸ் ஆலியின் பெயரோடு சேர்த்தே இந்த இணை பேசப்படுகிறது. முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷனை ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த காலம் அது. முன்பக்கமும் பின்பக்கமும் வளைவில் எப்படி வெவ்வேறாக நடந்துகொள்கின்றன என்பதைச் சொல்லவே தனிச்சொற்கள் தேவைப்பட்டன. நீள்வட்டத் தடத்தில் நடக்கும் அமெரிக்க ஓவல் பந்தயங்களில் இதையே 'புஷ்' என்றும் 'டைட்' என்றும் சொல்வார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'முன்சறுக்கல்' என்பது காட்சியை நன்றாகப் பிடிக்கிறது, பொருளைப் பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் சறுக்கல் தொடங்கும் முன்பே, மிதமான வேகத்திலும் அண்டர்ஸ்டியர் உண்டு. 'குறைதிருப்பம்' என்றால், அதிகம் வளையாத ஒரு சாலைத் திருப்பத்தைச் சொல்வதாகப் படலாம். 'குறைதிருப்பல்' என்றால் குறை ஓட்டுநர் மேல் விழுகிறது, ஏனென்றால் திருப்புபவர் அவர். இங்கே திருப்புவது சரியாகத்தான் நடக்கிறது, திரும்புவதுதான் குறைகிறது. ஆகவே 'குறைதிரும்பல்' என்பதே பொருந்தும். குறைகடத்தி போல இதுவும் வினைத்தொகை என்பதால் நடுவே ஒற்று மிகாது. ஓவர்ஸ்டியருக்கு இதே அமைப்பில் 'மிகுதிரும்பல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி, சக்தி அதிகமான கார்களில் குறைதிரும்பல் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதைப் பார்ப்போம். சாலைக்கான கார்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்தே லேசான குறைதிரும்பலோடுதான் வருகின்றன. பழக்கமில்லாதவர் வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டாலும் கார் சுழன்றுவிடாது என்பதே காரணம். கேம் அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அதன் மேல் 700, 900 குதிரைத்திறனை ஏற்றினால் மூன்று சுமைகள் சேர்கின்றன. பெரிய எஞ்சின் மூக்கில் எடை கூட்டுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எடை பின்னால் சாய்ந்து முன் டயர்கள் லேசாகிவிடுகின்றன. நான்கு சக்கர இயக்கமாக இருந்தால், முன் டயர்கள் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். ஒரு டயரின் பிடிமானம் இவ்வளவுதான் என்று அளவு உண்டு. இழுப்பதற்குச் செலவான பங்கு திரும்புவதற்கு மிஞ்சாது.

காரின் செட்டப்பை, அதாவது பாகங்களின் அமைப்பு அளவுகளை, மாற்றும் டியூனிங் திரையைத் திறக்கும் முன் ஒரு சோதனை. அதே வளைவில் 10 கி.மீ. வேகம் குறைத்து நுழையுங்கள். ஸ்டியரிங்கையும் கொஞ்சம் குறைவாகவே திருப்புங்கள். கார் ஒழுங்காகத் திரும்பினால் குறை செட்டப்பில் இல்லை. முன் டயர் வழுக்கத் தொடங்கியபின் ஸ்டியரிங்கை மேலும் திருப்பினால் ஸ்லிப் ஆங்கிள் உச்சத்தைத் தாண்டி, பிடிமானம் இன்னும் குறையும். கன்ட்ரோலரில் விளையாடுபவர்கள் ஸ்டிக்கைக் கடைசிவரை தள்ளுவதால் இது அடிக்கடி நேரும்.

செட்டப்பில்தான் குறை என்றால், அது வளைவின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் தொடக்கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் மருந்து கட்டத்துக்குக் கட்டம் மாறும்.

பிரேக்கோடு வளைவுக்குள் நுழையும்போதே மூக்கு திரும்ப மறுத்தால், பிரேக் பேலன்ஸை, அதாவது முன், பின் பிரேக்குகளுக்கு இடையிலான பங்கீட்டை, ஒன்றிரண்டு படி பின்னால் தள்ளுங்கள். முன் டயர்களுக்குத் திரும்பக் கொஞ்சம் பங்கு மிஞ்சும். பிறகு டிஃபரன்ஷியல், அதாவது இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்லிணை அமைப்பு. ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டியது போல ஒரே வேகத்தில் சுழன்றால், கார் நேராகப் போகவே பார்க்கும். ஃபோர்ஸா ஹொரைசன் கேமில் பின்பக்க டிசெலரேஷன் மதிப்பை (ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது பூட்டும் அளவு) 20% அளவுக்கு இறக்கிப் பாருங்கள். கிரான் டூரிஸ்மோ 7 கேமில் இதே வேலையைச் செய்பவை இனிஷியல் டார்க், பிரேக்கிங் சென்சிட்டிவிட்டி என்ற இரண்டு மதிப்புகள். அவற்றைக் குறைக்க வேண்டும். அளவுக்கு மீறி இறக்கினால் கடும் பிரேக்கில் பின்பக்கம் ஆடத் தொடங்கும்.

வளைவின் நடுவில், பிரேக்கும் இல்லாமல் ஆக்சிலரேட்டரும் மிதமாக இருக்கும்போது அகன்று போனால் அது ஆன்டி-ரோல் பாரின் வேலை; இடது, வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி அது. டயர் மீது சுமை இரட்டிப்பானால் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடும். எனவே உள்டயரிலிருந்து வெளிடயருக்கு எந்த அச்சில் சுமை அதிகம் மாறுகிறதோ, அந்த அச்சு மொத்தத்தில் பிடிமானத்தை இழக்கும். விறைப்பான பார் அந்த மாற்றத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால்தான் முன் பாரைத் தளர்த்துவதும் பின் பாரை விறைப்பாக்குவதும் குறைதிரும்பலுக்கு முதல் மருந்து. ஃபோர்ஸா ஹொரைசனில் அளவு 1 முதல் 65 வரை. முன்னால் 30 இருந்தால் 25 ஆக்கி இரண்டு சுற்று ஓட்டுங்கள். போதவில்லை என்றால் பின்னால் 3, 4 கூட்டுங்கள். கிரான் டூரிஸ்மோ 7-இல் அளவு 1 முதல் 10 வரைதான், அங்கே ஒரு படியே பெரிய மாற்றம்.

முன் பாரைத் தளர்த்திக்கொண்டே போகவும் முடியாது. கார் அதிகம் சாயும், வெளிப்பக்க முன் டயர் அதன் வெளி ஓரத்தில் நிற்கும், போன குறை திரும்பி வரும். டெலிமெட்ரியில் (ஓட்டத்தின்போது கேம் காட்டும் அளவீடுகள்) அந்த டயரின் உள், நடு, வெளி வெப்பநிலைகளைப் பாருங்கள். வெளி ஓரம் மட்டும் சூடேறினால் நெகட்டிவ் கேம்பர் (டயரின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) போதவில்லை என்று பொருள். ஃபோர்ஸாவில் முன்பக்கம் -1.0 இருந்தால் -1.5, பிறகு -2.0 என்று அரைப் பாகையாகக் கொண்டுபோங்கள். காஸ்டரை (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) 5.5-க்கு மேல் வைத்தால், ஸ்டியரிங் திரும்பும்போது வெளிடயருக்குக் கூடுதல் நெகட்டிவ் கேம்பர் தானாகக் கிடைக்கும். நேர்ப்பாதைப் பிரேக்கிங்கும் கெடாது. முன்பக்க டோ-அவுட் (டயர்களின் முன்முனை வெளிப்பக்கம் பார்ப்பது) 0.1 முதல் 0.2 பாகை போதும். அதற்கு மேல் போனால் நேர்ப்பாதையில் கார் அலையும்.

வளைவை விட்டு வெளியேறும்போது, ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் அகன்று போனால், கார் எந்தச் சக்கரங்களால் இயங்குகிறது என்பதைப் பொறுத்தே தீர்வு. நான்கு சக்கர இயக்கத்தில் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியலைப் பின்னால் தள்ளுங்கள். ஃபோர்ஸாவில் 65% இருந்தால் 75%. முன் டிஃபரன்ஷியலின் ஆக்சிலரேஷன் மதிப்பை 20-30% ஆக இறக்குங்கள். பெரிய குதிரைத்திறனுள்ள காருக்கு நான்கு சக்கர இயக்கம் மாற்றியபின் வரும் குறைதிரும்பலில் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே போய்விடும். முன்சக்கர இயக்கத்தில் நேர்மாறு: மதிப்பைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்சக்கரம் வீணாகச் சுழன்று இழுவை போய்விடும். பின்சக்கர இயக்கத்தில் டிஃபரன்ஷியலின் பூட்டு அதிகமானால் ஆக்சிலரேட்டரை அழுத்தத் தொடங்கியதும் குறைதிரும்பலும், முழுதாக அழுத்தியதும் திடீர் மிகுதிரும்பலும் வரும். அதனால் 5% அளவில் மட்டும் மாற்றுங்கள். பின் டேம்பரின் (ஷாக் அப்சார்பர்) பம்ப்பையும், அதாவது அமுங்குவதை எதிர்க்கும் விசையையும், முன் டேம்பரின் ரீபவுண்டையும், அதாவது விரிவதை எதிர்க்கும் விசையையும், சற்றுக் கூட்டினால் கார் பின்னால் சாய்வது மெதுவாகும்.

டவுன்ஃபோர்ஸ், அதாவது காற்று காரைச் சாலையோடு அழுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 80 கி.மீ.-இல் கிடைப்பதைப்போல நான்கு மடங்கு 160-இல் கிடைக்கும். ஆகவே கொண்டை ஊசி வளைவில் திரும்பாத காருக்கு முன் விங்கைக் கூட்டிப் பயனில்லை; வேகமான வளைவில் மட்டும் அகன்று போகும் காருக்கு அதுதான் சரியான இடம். பின் விங்கைக் குறைப்பதும் அதே பலனைத் தரும், ஆனால் 200-ஐத் தாண்டியதும் பின்பக்கம் பிடியை விடும். முன்பக்க உயரத்தைக் குறைப்பவர்கள் மேடுபள்ளத்தில் சஸ்பென்ஷன் அடிதட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டிய நொடியில் ஸ்பிரிங் இல்லாததுபோல அந்த மூலை விறைத்து, முன் டயர் பிடியை இழக்கும்.

மாற்றம் ஒவ்வொன்றையும் தனியாகச் செய்து, ஒரே வளைவில், ஒரே டயர் சூட்டில் சோதியுங்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் சுழல வருகிறதா? கடைசியாகச் செய்த மாற்றத்தில் பாதியைத் திரும்ப எடுங்கள்.