விதை நாவாய்ப்பூச்சி: உட்காரும் செடி வேறு, வளரும் செடி வேறு

முற்றிய எருக்கங்காயில் சிவப்பும் கறுப்புமாகக் கும்பல் கூடுவது பெரும்பாலும் ஸ்பைலோஸ்டெத்தஸ் பாண்டுரஸ் என்ற விதை நாவாய்ப்பூச்சி. பருத்தியிலும் வெண்டையிலும் மொய்க்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சி, டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ், வேறு குடும்பம். நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் தலையைப் பாருங்கள். இரு பெரிய கண்களுக்கு இடையே, உச்சியில், மணி போல இரண்டு சிறு ஒற்றைக்கண்கள் தெரிந்தால் எருக்குப் பூச்சியின் குடும்பம். பருத்திப் பூச்சிக்கு அவை கிடையாது. லென்ஸ் இல்லையென்றால், எருக்குப் பூச்சிக்குச் சிறகு நுனியின் கறுப்புச் சவ்வில் வெள்ளைப் பொட்டு. பருத்திப் பூச்சிக்குக் கழுத்தில் வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டை இல்லாத சிவப்புப் பூச்சியை நசுக்க அவசரப்படாதீர்கள். அது பருத்திப் பூச்சியையே குத்தி உறிஞ்சும் ஆன்டிலோகஸ் என்ற பூச்சியாக இருக்கலாம்.

பூச்சி எந்தச் செடியின் விதையைத் தின்று வளர்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையில் சிக்கல். இந்தப் பூச்சிகளால் விதையை மெல்ல முடியாது. ஊசி போன்ற வாயுறுப்பை விதைக்குள் செலுத்தி, உமிழ்நீரைப் பாய்ச்சி, பருப்பைக் கரைத்து உறிஞ்சுகின்றன. காய்ந்த விதையைக் கரைக்க நிறைய உமிழ்நீர் வேண்டும்; அதற்குத் தண்ணீர் வேண்டும். அதனால் பக்கத்தில் எந்தப் பச்சை இலை கிடைத்தாலும் குத்திச் சாறு குடிக்கும். 4 முதல் 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள, கண்ணாடிச் சிறகுடைய ஆக்சிகரேனஸ் என்ற விதைப் பூச்சி, பருத்தி, வெண்டை வகைச் செடிகளின் விதையில்தான் இனம்பெருக்கும். ஆனால் வளர்ந்தவை மாமரத்திலும் அப்பிக் கிடக்கும். அதைப் பார்த்து ‘மாம்பூச்சி’ என்று குறித்துவைப்பவர்கள் உண்டு!

ஆகவே குஞ்சுகளைத் தேடுங்கள். சிறகில்லாத குஞ்சுகள் பல அளவுகளில் ஒரே காயில் இருந்தால் அது நல்ல தடயம். உறுதி செய்ய, வாயகன்ற பாட்டிலில் 10 சிறு குஞ்சுகள், சந்தேகப்படும் செடியின் முற்றிய விதை 20, உள்ளே ஒரு சிறு மூடியில் ஈரப் பஞ்சு. வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, இன்னொரு பாட்டிலிலும் குஞ்சுகளை விடுங்கள்; அதில் விதை வேண்டாம், ஈரப் பஞ்சு மட்டும். ஒருமுறை தோலுரித்தால் போதாது. பிடிக்கும்முன் குடித்ததை வைத்தே அது நடந்துவிடும். இரண்டு, மூன்று முறை உரித்துச் சிறகு மொட்டு விட்டால்தான் அந்த விதை அதன் உணவு.

பஞ்சை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் விதை பூஞ்சணம் பிடித்து, குஞ்சுகள் அதனாலேயே சாகும். நெருக்கமாக விட்டால் இன்னொரு தொல்லை: புதிதாகத் தோலுரித்து மெத்தென்று இருப்பதைப் பசித்த மற்றவை குத்தி உறிஞ்சிவிடும். எண்ணிக்கை குறைந்ததும் விதைமேல் பழி போடாமல், சக்கையாகக் கிடக்கும் உடல்களைப் பாருங்கள்.