கோப்புறையைத் திறக்காமலே கிட் அறிவது எப்படி?

“பல்லாயிரம் கோப்புகள் உள்ள புராஜெக்டில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று தட்டினால் எவை மாறின, எவை புதியவை என்று சட்டென்று விடை வந்துவிடுகிறதே, அத்தனையையும் அது படித்துப் பார்க்கிறதா?” என்று மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். படிப்பதில்லை. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், கோப்புகளில் நேரும் மாற்றங்களைப் பதிவுசெய்துவரும் மென்பொருள். அது தன் கண்காணிப்பில் உள்ள ஒவ்வொரு கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் இன்டெக்ஸ் என்ற தன் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறது. அவை மாறாதவரை பெரும்பாலும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

இன்டெக்ஸில் பெயரே ஏறாத புதிய கோப்புகளைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். கோப்புறை கோப்புறையாகத் திறந்து தேட வேண்டியிருக்கும். ‘அன்டிராக்ட் கேஷ்’ வசதியை இயக்கினால், முந்தைய தேடலில் கிடைத்த விடை கோப்புறைவாரியாகச் சேமிக்கப்பட்டு, அந்தந்தக் கோப்புறையின் திருத்த நேரமும் உடன் பதிவாகிறது.

இதில் என்னைக் கவர்ந்த நுணுக்கம் ஒன்று உண்டு. யூனிக்ஸ் இயங்குதள மரபில் கோப்புறை என்பது வெறும் பெயர்ப் பட்டியல். உள்ளிருக்கும் கோப்பில் நூறு வரிகளை அங்கேயே திருத்தி எழுதினாலும் கோப்புறையின் நேரம் அசையாது; பட்டியலில் ஒரு பெயர் சேர்ந்தாலோ நீங்கினாலோ மாறினாலோதான் அசையும். ஆகவே நேரம் அப்படியே இருந்தால் புதிதாக எதுவும் வரவில்லை என்று பொருள். பட்டியலைப் படிக்கவே வேண்டாம்.

ஆனால், நேரத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஒரு கோப்பை வட்டில் விட்டுவிட்டு, இன்டெக்ஸிலிருந்து மட்டும் நீக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்புறையில் பெயர் எதுவும் மாறவில்லை, எனினும் அக்கோப்பு இப்போது கண்காணிப்புக்கு வெளியே போய்விட்டது. அதனால்தான் இன்டெக்ஸில் பெயர் சேரும்போதும் நீங்கும்போதும் அந்தக் கோப்புறைக்கான சேமிப்பைக் கிட் தானாகவே செல்லாததாக்கிவிடுகிறது. எந்தக் கோப்புகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினாலும் இதே கதைதான் என்பதால், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஹாஷையும் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறது.

ஸ்டேட்டஸில் சந்தேகம் வந்தால் புராஜெக்டையே அழித்துவிட்டு மறுபடி குளோன் (முழுப் பிரதி) செய்பவர்கள் உண்டு. எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமைகள் எல்லாமே மேற்சொன்ன ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் என்று கிட்டும் கண்மூடி நம்புவதில்லை. அதைச் சோதிக்கவே ஒரு கட்டளை இருக்கிறது: அது தற்காலிகக் கோப்புறை ஒன்றை அமைத்து, இடையிடையே சற்றுக் காத்திருந்து, கோப்பைச் சேர்த்தால் நேரம் மாறுகிறதா, கோப்புக்குள் எழுதினால் மாறாமல் இருக்கிறதா, அழித்தால் மாறுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே சரி என்கிறது.